நெற்றியில் விழுந்த பனி

மங்கலத்துக்குப் பூ வைத்து, நாளும் குறித்த பிறகு ரெங்கசாமி மேஸ்திரி வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். ஒரு கொத்து முடிதான் காரணம்.

மேஸ்திரியின் மனைவி சுப்பம்மாளுக்கு, மருமகளாக வரப்போகிறவளுக்குத் தன் கையால் தலைவாரிவிட ஆசை. ரங்கூன் மிங்கலா தாங்ஞுன்டில், ரயில்வே வரிசைவீடுகளில் ஒன்றில், பெண்ணை ஜன்னலோரம் உட்கார வைத்து எண்ணெய் தொட்டுச் சீவினாள். சீப்பில் கறுப்பு அப்பிக்கொண்டு வந்தது. விரலெல்லாம் கறுப்பு. முந்தானையை எடுத்து அழுத்தித் துடைத்துப் பார்த்தாள். நெற்றிக்கு மேலே, வகிடு தொடங்குகிற இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு முடி வெள்ளைவெளேரென்று இருந்தது. அதற்குக் கீழே தோலிலும் பொட்டு வைக்கிற இடத்தை ஒட்டி ஒரு வெளுப்பு.

"இது என்னடியம்மா?"

"பொறந்ததிலேர்ந்தே இருக்கு அத்தை. அம்மாவுக்கும் இருக்கு" என்றாள் மங்கலம். பொய் சொல்லத் தெரியாத பெண்.

சுப்பம்மாள் சீப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். காப்பியைக்கூடத் தொடவில்லை. பொழுது சாய்வதற்குள் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்: வெண்குஷ்டம் உள்ள குடும்பத்தில் மேஸ்திரி வீட்டார் சம்பந்தம் செய்வதாக இல்லையாம்.

மங்கலத்தின் தாய் செல்லக்கண்ணு அன்று அழவில்லை. அவளுக்கும் அதே இடத்தில் அதே வெள்ளை முடி உண்டு. சிறுவயதில் தெருப்பிள்ளைகள் அவளைக் கொக்கு என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பெரியவளானதும் விளக்குக் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்துப் பூசிக்கொள்ளப் பழகினாள். மகள் பிறந்தபோது, ஈரம் காயாத அந்தச் சின்னத் தலையில் வெள்ளைக் கீற்றைக் கண்டதும் முதலில் துணியால் மூடினாள். பிறகு மகளுக்கும் கரி பூசக் கற்றுக்கொடுத்தாள். அவள் கணவர் அருணாசலம், ரயில் பட்டறையில் ஃபிட்டர், எல்லாம் தெரிந்தேதான் அவளைக் கட்டினார். "முடிதானே, போகட்டும்" என்பார். ஆனால் மகளுக்கு அப்படி ஒருவன் கிடைக்க வேண்டுமே.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷத்து மழைக்காலம்.

செல்லக்கண்ணு பர்மியப் பெண்கள் போடும் எஞ்சிச் சட்டைகளைத் தைத்து, சூரத்தி பஜார் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருந்த பீர் முகைதீனிடம் கொடுத்துவருவாள். சம்பந்தம் முறிந்த அந்த வாரமும் போனாள். டிராமிலிருந்து இறங்கிச் சாலையைக் கடப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ரங்கூன் மழை தூறிப் பார்த்துவிட்டு வருவதில்லை. துணி மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் கடைத் தாழ்வாரத்துக்கு ஓடி வந்தாள். மூட்டை நனையவில்லை, தலை முழுக்க நனைந்துவிட்டது. முகத்தைத் துடைத்த உள்ளங்கை கறுப்பாக இருந்ததைப் பார்த்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. கரி முழுவதும் கரைந்து கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.

அதே தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தாள் ஒரு துரைசாணி. நாற்பத்தைந்து வயது இருக்கும். உயரம், ஒல்லி. தலையில் அகலமான வைக்கோல் தொப்பி. அவள் செல்லக்கண்ணுவின் நெற்றியைப் பார்த்தாள். பார்த்தவள் பார்வையை எடுக்கவில்லை. செல்லக்கண்ணு முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு நகர்ந்தாள். துரைசாணியும் நகர்ந்தாள். செல்லக்கண்ணு கடைக்குள் நுழையப் பார்த்தாள். துரைசாணி எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"பாய்! பாய்!" என்று கத்தினாள் செல்லக்கண்ணு. "நான் எதையும் எடுக்கலை பாய்! இவங்களை நான் தொடவேயில்லை!"

மழைக்கு ஒதுங்கியவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ரிக்ஷாக்காரர்கள், சுருட்டு விற்கும் பர்மியப் பெண்கள், கூடை தூக்கும் தெலுங்குக் கூலிகளான கோரங்கிகள். பீர் முகைதீன் அளவுகோலைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தார். அவருக்குத் தமிழ், பர்மியம், இங்கிலீஷ் மூன்றும் கடைக்கு வேண்டிய அளவுக்கு மேலேயே வரும்.

துரைசாணி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிடித்த கையை விட்டாள். பிறகு இரண்டு கைகளையும் உயர்த்தி, தொப்பியில் செருகியிருந்த நீளமான ஊசிகளை உருவினாள். தொப்பியைக் கழற்றினாள்.

செம்பழுப்பு முடி. நெற்றிக்கு மேலே, வகிடு தொடங்குகிற இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை. அதன் கீழே, வெயிலில் சிவந்த நெற்றியில், சிவக்காமல் நின்ற ஒரு வெளுப்பு.

தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. செல்லக்கண்ணுவின் முந்தானை தானாகச் சரிந்தது. கறுப்பு முடியில் ஒன்று, செம்பழுப்பு முடியில் ஒன்று. ஒரே அச்சில் வார்த்த மாதிரி இரண்டும் எதிரெதிரே நின்றன. சுருட்டுக்காரி ஒருத்தி தன்னையறியாமல் கைகூப்பினாள்.

"யா அல்லா" என்றார் பீர் முகைதீன் மெல்ல. "உள்ளே வாங்க, ரெண்டு பேரும் உள்ளே வாங்க."

துணிக்கட்டுகளுக்கு நடுவே உட்கார வைத்து, தேநீர் வரவழைத்துக் கொடுத்து, அவர் கேட்டுக் கேட்டுச் சொன்னார். துரைசாணியின் பெயர் ஹானா மெரிடன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் என்ற கடலோர மாகாணத்திலிருந்து வந்தவள். பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணம் ஆகவில்லை. அவளுடைய மூதாதை, அந்தத் தேசம் இங்கிலீஷ்காரன் கைக்குப் புதிதாக வந்த காலத்தில், முந்நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், கப்பலேறிப் போய்க் காட்டைத் திருத்திக் குடியேறியவர். அவர் வழியில் வந்த அத்தனை கிளைகளையும் அவள் தேடித் தொடுத்து வைத்திருக்கிறாள். கல்லறை கல்லறையாக நடந்திருக்கிறாள். இருபது வருஷமாக அதே வேலை. ஒரே ஒரு கிளை மட்டும் கடலில் போய் முடிந்திருந்தது.

"அவங்க தாத்தாவோட தம்பியாம். பேரு ஆசா" என்றார் பீர் முகைதீன். "அப்பன் இவரைப் பாதிரியாராக்கப் பார்த்திருக்கான். இவருக்குக் கப்பல் தச்சு வேலை மேலேதான் கண்ணு. சண்டை போட்டுக்கிட்டு ஐஸ் கப்பல்ல ஏறிட்டாராம். தங்கச்சி, நம்ம மதராஸ்ல ஐஸ் ஹவுஸ்னு ஒண்ணு இருக்கே, அவங்க ஊரு ஏரியிலே உறைஞ்ச தண்ணியைப் பாளம் பாளமா அறுத்து, மரத்தூள்ல பொதிஞ்சு கொண்டாந்து அங்கேதான் எறக்குவாங்க. அந்தக் கப்பல்ல மதராஸ் வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. இங்கே பர்மாவுலே மோல்மேன்ல பார்த்தேன்னு ஒரு மாலுமி வந்து சொன்னானாம். அதோட சரி. இந்த அம்மா இப்ப மோல்மேன்ல ஒவ்வொரு கல்லறையா பார்த்துட்டு, ஒண்ணும் கிடைக்காம ஊருக்குத் திரும்பக் கப்பலுக்குக் காத்திருக்காங்க."

செல்லக்கண்ணு தேநீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "அதுக்கும் எனக்கும் என்ன பாய்?"

பீர் முகைதீன் கேட்டார். ஹானா தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி நீளமாகப் பேசினாள். அவர் பாதியில் நிறுத்தி, இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

"இந்த வெள்ளை அவங்க குடும்பத்துலே ஆதியிலேர்ந்து வருதாம். இருக்கறவங்க பிள்ளைக்குத்தான் வரும். ஒரு தலைமுறையில இல்லேன்னா அதோட அந்த வழியிலே அறுந்துபோகும். மறுபடி வராது. உனக்கு இருக்குன்னா உங்கம்மா அப்பாவிலே ஒருத்தருக்கு இருந்திருக்கணும், அவங்களுக்கு மேலே ஒருத்தருக்கு இருந்திருக்கணும். யாருக்கு இருந்துச்சுன்னு கேக்கறாங்க."

"அம்மாவுக்கு" என்றாள் செல்லக்கண்ணு.

மழை விட்டதும் மூவருமே கிளம்பினார்கள். பீர் முகைதீன் கடையைச் சாத்திவிட்டார். இதைப் பார்க்காமல் கடையில் உட்கார்ந்து முழம் போட அவரால் முடியாது.

செல்லக்கண்ணுவின் தாய் மியா பர்மியப் பெண். ஆற்றுக்கு அக்கரையில் டல்லாவில் பிறந்தவள். துறைமுகத்தில் வேலை பார்த்த சின்னத்தம்பியைக் கட்டிக்கொண்டு இக்கரைக்கு வந்தவள். அவர் போய்ச் சேர்ந்த பிறகு மகளோடு இருந்தாள். வெற்றிலைப் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, சுருட்டுப் புகைத்தபடி, வருகிறவர் போகிறவரிடம் பர்மியமும் தமிழும் கலந்து வம்பளக்கிறவள். வாசலில் துரைசாணி வந்து நின்றதைப் பார்த்து அவள் எழுந்திருக்கவில்லை. சுருட்டை மட்டும் வாயிலிருந்து எடுத்தாள்.

மியாவின் தலை முழுவதும் நரைத்திருந்தது. ஹானா அதைப் பார்த்து முகம் வாடியது எல்லாருக்கும் தெரிந்தது. வெள்ளைத் தலையில் வெள்ளைக் கீற்றை எங்கே தேடுவது?

"அமே, உன் நெத்தியைக் காட்டு" என்றாள் செல்லக்கண்ணு.

"எதுக்கு தமீ?" மியா மகளை எப்போதும் பர்மியத்தில்தான் மகளே என்பாள்.

"காட்டேன்."

மியா தினமும் காலையில் தனாக்கா மரப்பட்டையை அரைத்து முகத்தில் பூசுகிறவள். சந்தன நிறத்தில் நெற்றி முழுக்க காய்ந்து கிடந்தது. மங்கலம் ஈரத்துணி கொண்டுவந்து கொடுத்தாள். மியா முணுமுணுத்துக்கொண்டே நெற்றியைத் துடைத்தாள். சுருக்கம் விழுந்த மாநிறத் தோலில், பிறை மாதிரி, ஒரு வெளுப்பு. ஹானா தரையில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். மியாவின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோனாள். மியா சற்று நேரம் பார்த்தாள். பிறகு வெற்றிலைக் கறை படிந்த விரலை நீட்டித் துரைசாணியின் வெள்ளை முடியைத் தொட்டாள்.

"எங்கம்மாவுக்கு இப்படித்தான் இருந்துச்சு" என்றாள்.

"உங்கம்மா பேரு?" என்றார் பீர் முகைதீன்.

"ஹ்னின்."

அவர் ஹானாவிடம் சொன்னார். அவளுக்கு அது வெறும் ஓசை. தலையசைத்தாள். மியா விடவில்லை.

"அர்த்தத்தையும் சொல்லு. எங்க பாஷையிலே ஹ்னின்னா காலையிலே புல்லு மேலே இருக்குமே அந்தப் பனி. ஆனா எங்க தாத்தா அதை ஒத்துக்க மாட்டார். அவர் தச்சர். கப்பல்லே வந்தவர். கண்ணு பூனைக்கண்ணு. 'இது உங்க ஊர் பனி இல்லே, எங்க ஊர் பனி. வானத்திலேர்ந்து இலவம்பஞ்சு மாதிரி விழும், தரையெல்லாம் வெள்ளையாகும்'னு சொல்வார். எங்கம்மா நெத்தியைத் தொட்டுத் தொட்டுச் சொல்வார். அது விழுந்த இடம்தான் இதுன்னு சொல்லி அந்தப் பேரு வெச்சாராம். நாங்க சிரிப்போம். பஞ்சு எங்கேயாவது வானத்திலேர்ந்து விழுமா?"

பீர் முகைதீன் சொல்லி முடிப்பதற்குள் ஹானா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுது முடித்தாள். அப்புறம் அவள் சொன்னதை பீர் முகைதீன் தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னார்.

"அவங்க வீட்டுலே இந்த வெள்ளைக்கு ஒரு பேரு உண்டாம். மெரிடன் பனி. வெளியாளுக்குத் தெரியாத பேரு."

மியாவின் சுருட்டு அணைந்துபோயிருந்தது. "அவர் பேரு ஆசா" என்றாள், யாரும் கேட்காமலே. "மரியாதைக்கு ஊ ஆசான்னு கூப்பிடுவாங்க. நான் சின்னவளா இருக்கறப்போ செத்துப்போனார்."

பட்டறையிலிருந்து வந்த அருணாசலம் வாசலில் காலணிக் குவியலையும் தெருவே கூடி நிற்பதையும் பார்த்துப் பயந்துபோய் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முதலில் செய்தது முறை பார்த்ததுதான். விரல் விட்டு எண்ணினார்.

"இவங்க தாத்தாவும் அந்த ஆசாவும் அண்ணன் தம்பி. அப்போ இவங்கப்பாவுக்கு ஹ்னின்னு ஒரு தங்கச்சி முறை. அந்தத் தங்கச்சி மகதான் நம்ம அத்தை. அப்போ இவங்க அத்தைக்கு மாமன் மக." நிறுத்தி, இன்னொரு தரம் எண்ணிச் சரிபார்த்தார். "செல்லக்கண்ணு, உனக்கு இவங்க அத்தை முறை ஆகுது. மங்கலத்துக்குப் பாட்டி."

பீர் முகைதீன் அதையும் மொழிபெயர்த்தார். நாற்பத்தைந்து வயதில் கிடைத்த பேத்தியை ஹானா திரும்பிப் பார்த்தாள். கதவோரம் மங்கலம் கரி பூசிய தலையோடு நின்றிருந்தாள். அந்தக் கரியைக் கண்டு ஹானா கேட்டாள், "ஏன் மறைக்கிறாள்?"

மங்கலமே பதில் சொன்னாள். மேஸ்திரி வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதைச் சொன்னாள். பீர் முகைதீன் அந்த வார்த்தையை மாற்றிச் சொல்லத் தயங்கினார். ஆனால் சொல்லிவிட்டார். ஹானாவின் முகம் சிவந்தது.

"அவங்க சொல்றாங்க," என்றார் பீர் முகைதீன், "இந்த வெள்ளையோட ஏர் ஓட்டினவங்க இருந்தாங்களாம், சண்டைக்குப் போனவங்க இருந்தாங்களாம், பன்னெண்டு பிள்ளை பெத்து தொண்ணூறு வயசு இருந்தவங்க இருந்தாங்களாம். யாருக்கும் இதனால் ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லே. தோலு அழுகினதில்லே, பரவினதில்லே. பிறக்கும்போது எவ்வளவோ அவ்வளவுதான் சாகும்போதும். இது நோய் இல்லேம்மா. இது அடையாளம்."

மங்கலம் கொல்லைப்புறம் போனாள். தண்ணீர்த் தொட்டியில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. நெற்றிக்கு மேலே பனி விழுந்து கிடந்தது. செல்லக்கண்ணு மகளையே பார்த்தாள். பதினேழு வருஷமாகத் தானே தன் கையால் மூடி வைத்திருந்ததை முதல்முறையாகப் பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள்.

"நான் உங்க ஊருக்கு வந்து அந்தப் பனியைப் பார்க்கலாமா?" என்று மங்கலம் ஹானாவைக் கேட்டாள்.

ஹானா தலை குனிந்தாள். மிக மெதுவாக ஏதோ சொன்னாள். பீர் முகைதீன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்தப் பக்கத்து ஜனங்க அங்கே போய்க் குடியிருக்கச் சட்டம் இடம் கொடுக்கலையாம். இப்ப ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இன்னும் இறுக்கிட்டாங்களாம். சொல்லவே வெக்கமா இருக்குங்கறாங்க."

"அவங்க தாத்தன் போய் வெட்டின காடுதானே அது?" என்றாள் மியா.

அதை அவர் மொழிபெயர்க்கவில்லை.

செய்தி மிங்கலா தாங்ஞுன்ட் முழுக்கப் பரவ ஒரு சந்தை நாள் போதுமாக இருந்தது. துரைசாணி ஒருத்தி அருணாசலம் வீட்டுக்கு நாள்தோறும் வருகிறாள், பாயில் உட்கார்ந்து சோறு தின்கிறாள், இரண்டு பேர் தலையிலும் ஒரே வெள்ளை என்று டிராமில் பேசினார்கள். அந்த வார முடிவிலேயே ரெங்கசாமி மேஸ்திரியும் சுப்பம்மாளும் தட்டில் பழத்தோடு வந்து நின்றார்கள்.

"தெரியாம பேசிட்டோம். அமெரிக்காக்கார சொந்தம்னு அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தாள் சுப்பம்மாள்.

மேஸ்திரி வீட்டுச் சம்பந்தத்துக்காக ஒரு மாதம் முன்பு கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டவள் செல்லக்கண்ணு. அருணாசலம் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் மகளைப் பார்த்தாள். மங்கலம் கரி பூசாத தலையோடு, பூ வைத்த பின்னலோடு, சுப்பம்மாளுக்கு நேராகவே நின்றுகொண்டிருந்தாள். வேண்டாம் என்று லேசாகத் தலையை அசைத்தாள்.

"காப்பி சாப்பிடுங்க" என்றாள் செல்லக்கண்ணு. "சம்பந்தப் பேச்சு வேண்டாம். எம் மகளுக்கு முடியைப் பார்த்து ஓடாதவனா, சொந்தத்தைப் பார்த்து வராதவனா ஒருத்தன் வருவான். வராட்டியும் பரவாயில்லே."

அவர்கள் போனதும் அவள் கதவைச் சாத்தி, கையை அதன்மேலேயே வைத்து நின்றாள். அருணாசலம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஹானாவின் கப்பல் புறப்பட இன்னும் சில நாளே இருந்தது. ஆசாவின் கல்லறையைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டாள். மியா உதட்டைப் பிதுக்கினாள்.

"கல்லறையே கிடையாது. நீ மோல்மேன்லே தேடினே, அவர் டல்லாவிலே செத்தார். வெள்ளைக்காரன் புதைக்கிற இடத்திலே தேடினே, எங்க ஜனங்க அவரை எரிச்சு ஆத்திலே விட்டாங்க. ஆனா அவர் கட்டின சயாட் இருக்கு. வா, காட்டறேன்."

சயாட் என்பது வழிப்போக்கர் தங்க பர்மியர் கட்டிவைக்கும் மண்டபம். மறுநாள் காலையில் எல்லாரும் சம்பான் படகில் ஏறி ரங்கூன் ஆற்றைக் கடந்தார்கள். பீர் முகைதீனும் குடையோடு வந்தார். ஆறு மண் நிறத்தில் வீங்கி ஓடியது. நெல் ஏற்றும் கப்பல்களின் நிழலில் படகு சின்னதாகிவிட்டது. டல்லாவில் இறங்கி, கப்பல் பட்டறைகளின் சுத்தியல் சத்தத்தைத் தாண்டி, ஓடைக்கரையோடு நடந்தார்கள். மடாலயத்தின் பின்னால், புளியமரங்களுக்கு அடியில், மரத்தூண்கள் மேல் ஒரு நீண்ட மண்டபம் நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் விசேஷமாக ஒன்றுமில்லை. மழையில் கறுத்துப்போன பழைய தேக்கு.

செருப்பைக் கழற்றிவிட்டு ஹானா முதலில் படி ஏறினாள். உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே நின்றாள்.

கூரை ஒரு கப்பலாக இருந்தது. கவிழ்த்து வைத்த கப்பல். நடுவே நீளமாக ஓடிய முதுகுமரம். அதிலிருந்து இரண்டு பக்கமும் வளைந்து இறங்கிய விலாமரங்கள், மீனின் முள்ளைப் போல. ஒவ்வொன்றும் தீயில் வாட்டி வளைத்தது. அவற்றின் மேல் ஒன்றோடொன்று ஒட்டிப் பதிந்த பலகைகள். ஓர் இரும்பு ஆணி கிடையாது. ஜோடி ஜோடியாக அடித்த மர முளைகள். புளியிலைகளின் வழியே வந்த பச்சை வெளிச்சம் அந்த வளைவுகளில் தண்ணீரைப் போல அசைந்தது. கடலுக்கு அடியில் நின்று, மேலே போகும் ஒரு கப்பலின் வயிற்றைப் பார்ப்பது போல இருந்தது செல்லக்கண்ணுவுக்கு.

"தலைகீழா படகு கட்டறார்னு சாமியார்களெல்லாம் சிரிச்சாங்களாம்" என்றாள் மியா. "முடிச்சதும் இங்கேதான் மல்லாந்து படுத்துக் கிடப்பார். என்ன பார்க்கறீங்கன்னு கேப்பேன். பதில் சொல்ல மாட்டார்."

ஹானா மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். பிறகு, வெள்ளை உடுப்பு அழுக்காகும் என்ற நினைப்பே இல்லாமல், தேக்குப் பலகையில் மல்லாந்து படுத்துக்கொண்டாள். மேலே பார்த்தபடியே பேசினாள். பீர் முகைதீன் தூணில் சாய்ந்து நின்று, ஒவ்வொரு வரியாக எடுத்துச் சொன்னார்.

அவள் ஊரில் ஜெபம் செய்யும் ஒரு பழைய மண்டபம் இருக்கிறது. குடியேறியவரின் மகன் யோபு மெரிடன் கட்டியது. அவரும் கப்பல் தச்சர். அவருக்குக் கோயில் கூரை போடத் தெரியாது, கப்பல்தான் கட்டத் தெரியும். அதனால் ஒரு கப்பலைக் கட்டிக் கவிழ்த்து வைத்துவிட்டார். ஹானா சின்னப் பெண்ணாக, பிரசங்கம் நீளும்போதெல்லாம் பெஞ்சில் சாய்ந்து அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு முன்னால் அதே பெஞ்சில் அவள் அப்பா. அவருக்கும் முன்னால் சிறுவனாக ஆசா.

"இதே முதுகுமரம்ங்கறாங்க" என்றார் பீர் முகைதீன். "முளை அடிச்ச விதம்கூட இதேதானாம். கோபிச்சுக்கிட்டு வந்த மனுஷன், ஊருக்குத் திரும்பவே மாட்டேன்னு இருந்த மனுஷன், பாதி உலகம் தாண்டி வந்து, வயசான காலத்திலே மனசாலே அளந்து அளந்து அதையே கட்டியிருக்கார்."

மங்கலம் ஹானாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். அப்புறம் செல்லக்கண்ணு. முழங்கால் வலி என்று முணுமுணுத்துவிட்டு மியாவும் படுத்தாள். நான்கு பேர் நெற்றியும் கூரையைப் பார்த்துக் கிடந்தன. அருணாசலம் மட்டும் நின்றபடியே ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனார். இரும்பை வளைக்கிறவருக்கு மரம் இப்படி வளைந்து நிற்பது நம்ப முடியாததாக இருந்தது.

"அவங்க பேரெல்லாம் சொல்லச் சொல்லுங்க பாய்" என்றாள் மங்கலம். "முதல்லேர்ந்து."

ஹானா சொன்னாள். எழுதி வைத்ததைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. "நத்தானியேல். நத்தானியேல் மகன் யோபு..."

"இருங்க. அந்த முதல் ஆளுக்கு நெத்தியிலே வெள்ளை இருந்துச்சா?"

பீர் முகைதீன் கேட்டார். ஹானா தலையைத் திருப்பி மங்கலத்தைப் பார்த்தாள். இல்லை என்றாள். நத்தானியேலுக்கு இல்லை. அவர் மனைவிக்குத்தான் இருந்தது. பெயர் மெர்சி. யார் பெற்ற பெண், எந்த ஊர் என்று ஒன்றும் தெரியாது. கப்பலில் ஏறியபோதே அவள் தலையில் அது இருந்தது என்பது மட்டும் தெரியும். அவளுக்கு அப்பால் போக வழியில்லை. எத்தனையோ முறை முட்டிப் பார்த்துவிட்டாள் ஹானா.

"அப்போ அவங்களைச் சொல்லித்தானே ஆரம்பிக்கணும்?" என்றாள் மங்கலம்.

ஹானா மறுபடி கூரைப் பக்கம் திரும்பினாள். இருபது வருஷமாக அவள் மனத்தில் இருந்த வரிசையில் மெர்சி ஒரு மனைவி மட்டுமே. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, தெளிவான குரலில், மறுபடி தொடங்கினாள்.

"மெர்சி. மெர்சி மகன் யோபு. யோபு மகன் எபினேசர். எபினேசர் மகன் தாமஸ். தாமஸ் மகன் ஜோசையா. ஜோசையா மகன் சைலஸ். சைலஸ் மகன் ஆசா."

அங்கே அவள் நின்றாள். இத்தனை காலமும் அவள் நின்ற இடம் அதுதான்.

"ஆசா மகள் ஹ்னின்" என்றாள் மியா பர்மியத்தில். பெயர்கள்தானே, யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. "ஹ்னின் மகள் மியா."

அடுத்தது செல்லக்கண்ணு. தகப்பனின் தகப்பன் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. இந்தியாவில் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார்கள் என்றுகூடத் தெரியாது. தனக்கு முன்னால் இத்தனை பேர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள் என்று அவள் நினைத்ததில்லை.

"மியா மகள் செல்லக்கண்ணு" என்றாள்.

"செல்லக்கண்ணு மகள் மங்கலம்."

ஓடையில் தண்ணீர் ஏறும் சத்தம் பலகைகளுக்கு அடியில் கேட்டது. ஏறிய தண்ணீர் வடிவதற்குள் கிளம்ப வேண்டும் என்று படகுக்காரன் கரையிலிருந்து குரல் கொடுத்தான். பீர் முகைதீன் குடையைக் கையில் எடுத்தார். எடுத்தவர், அவர்களைப் பார்த்துவிட்டு, சத்தம் வராமல் அதை மறுபடி தூணோரம் சாய்த்து வைத்தார்.